அத்தியாயம் 4: ரேஷன் அரிசியிலிருந்து தொடங்குங்கள்

கையில் காசு குறைவு, வீட்டில் நான்கு பேர். இந்த நிலையில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அரிசி இருக்கிறது, அதை வடித்துவிடுகிறோம். தண்ணீராக ஒரு சாம்பாரோ ரசமோ வைத்து, அப்பளமோ ஊறுகாயோ தொட்டுக்கொண்டு வயிற்றை நிரப்பிவிடுகிறோம். பசி அடங்கிவிடுவதால் குறை தெரிவதில்லை. பிள்ளை அடிக்கடி சளி பிடித்துக் கிடப்பதும், அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவையாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சோற்றுச் செலவு பெருமளவு குறைந்துவிட்டது. ஆகவே மிச்சமாகும் காசு பயறுக்கும் கீரைக்கும் முட்டைக்கும் போகவேண்டும். இந்த அத்தியாயம் அதற்கான வழிமுறை. கையில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கு: கிடைப்பது எவ்வளவு, வாங்கவேண்டியது எவ்வளவு

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது சொல்லும் அளவு: அரிசியும் சிறுதானியமும் சேர்த்து 250 கிராம், பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்த்து 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கடலை போன்ற கொட்டை வகைகள் 35 கிராம். எல்லாவற்றையும் எடுத்த எடுப்பில் எட்டிப்பிடிக்க முடியாது. எங்கே பள்ளம் அதிகம் என்று பார்க்க இது போதும்.

1. நான்கு பேர் உள்ள அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதாவது ஆளுக்கு ஒரு நாளைக்கு 165 கிராமுக்குச் சற்று அதிகம். 250 கிராமுக்கு மீதி வேண்டியது நான்கு பேருக்கும் மாதம் 10 கிலோ.
2. இந்த 10 கிலோவுக்கு மறுபடியும் அரிசியே வாங்காதீர்கள். கேழ்வரகு, கம்பு, கோதுமை என்று பிரித்து வாங்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பால் வாங்க முடியாத வீட்டுக்கு இது பெரிய துணை.
3. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் மாதம் ஒன்று வீதம் கிடைக்கும். வெளிச்சந்தையில் இந்த விலைக்கு எதுவும் கிடைக்காது. ஒரு மாதம்கூட விடாமல் வாங்குங்கள். சரக்கு வந்துவிட்டதா என்பதை உணவு வழங்கல் துறையின் செயலியில் பார்த்துவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.
4. பருப்பிலும் பயறிலும்தான் பெரிய பள்ளம். ஆளுக்கு 85 கிராம் என்றால் வீட்டுக்கு மாதம் 10 கிலோ. முட்டையும் மீனும் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். தொடக்கத்தில் இட்லி உளுந்தையும் சேர்த்து மாதம் 6 கிலோ பயறு, பருப்பு என்று இலக்கு வையுங்கள்.
5. பள்ளியில் கிடைப்பதைக் கணக்கில் எழுதுங்கள். அரசுப் பள்ளிச் சத்துணவில் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை உண்டு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் உண்டு. அப்படியானால் வீட்டு முட்டை வார நாளில் பெரியவர்களுக்கும், சனி ஞாயிறில் பிள்ளைகளுக்கும்.
6. கர்ப்பிணியோ, பால் கொடுக்கும் தாயோ, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையோ இருந்தால் அங்கன்வாடியில் பதிவு செய்து சத்துமாவை வாங்கிவிடுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் பலர். அது உங்கள் உரிமை.

குறிப்பு: ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று வீதம் செறிவூட்டிய மணிகள் கலந்திருக்கலாம். ஊறப்போட்டால் சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் வேறுபடும். "பிளாஸ்டிக் அரிசி" என்று பயந்து பொறுக்கி எறிந்துவிடாதீர்கள். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணி அது. தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

காசை எடுத்து வைக்கும் வரிசை

சம்பளமோ வாரக்கூலியோ கைக்கு வந்ததும் இந்த வரிசையில் எடுத்து வையுங்கள். மேலே உள்ளது முடிந்த பிறகே கீழே உள்ளதற்கு வரவேண்டும்.

1. பயறு, பருப்பு, நிலக்கடலை
2. கீரை, காய்
3. முட்டை, அல்லது வாரம் ஒருநாள் மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்
4. கேழ்வரகு, கம்பு
5. எண்ணெய், புளி, மிளகாய், உப்பு
6. கொய்யா, பப்பாளி, வாழை என்று அந்தப் பருவத்தில் மலிந்த பழம்
7. பால், தயிர்
8. மற்ற எல்லாம்

பால் ஏழாவது இடத்தில் இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிறு குழந்தை உள்ள வீட்டில் அதை மூன்றாவது இடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் நாளைக்கு நான்கு முறை டீ குடிப்பதற்காகப் பால் வாங்குவது ஊட்டச்சத்துக் கணக்கில் வராது. பிஸ்கெட், சிப்ஸ், டப்பாவில் விற்கும் சத்துபான மாவு எல்லாம் எட்டாவது இடம். விளம்பரத்தில் வளரும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பயறு வாங்கும் காசில் சத்துபானம் வாங்குவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

புரதத்தின் விலையை நீங்களே கணக்குப் போடுங்கள்

நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது பெரியவர்களுக்கான பரிந்துரை. 55 கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 46 கிராம். இதை எதில் மலிவாகப் பெறலாம்? 10 கிராம் புரதத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பார்ப்பதுதான் வழி. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

- ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய்: 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு
- கொள்ளு, கிலோ 90 ரூபாய்: சுமார் 4 ரூபாய்
- கடைத் துவரம்பருப்பு, கிலோ 130 ரூபாய்: சுமார் 6 ரூபாய்
- நிலக்கடலை, கிலோ 140 ரூபாய்: சுமார் 6 ரூபாய்
- முட்டை, ஒன்று 6 ரூபாய்: சுமார் 10 ரூபாய்
- பால், லிட்டர் 40 ரூபாய்: 12 ரூபாய்க்கு மேல்
- 10 ரூபாய் பிஸ்கெட் பாக்கெட்: 25 ரூபாய் அளவில்

பயறு மலிவு என்பதற்காக முட்டையை அடியோடு விட்டுவிடக்கூடாது. பி12 பயறில் கிடைக்காது. முட்டையின் புரதம் உடம்பில் நன்றாகச் சேரும். பயறைச் சோற்றோடோ களியோடோ சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். பருப்புச் சோறும் பொங்கலும் இட்லியும் அந்த வகையில் நல்ல சேர்க்கை.

சந்தைக்குப் போகும்போது

1. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலையிலேயே போங்கள். வாசல் பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு உள்ளே போனால் பேரம் பேசும் வேலை இல்லை.
2. வாரச்சந்தைக்கு மாலையில் கடை கட்டும் நேரத்தில் போனால் காய்கள் கூறு போட்டு விலை குறைத்து விற்பார்கள். அன்றோ மறுநாளோ சமைக்கப்போகும் காயை மட்டும் அப்போது வாங்குங்கள்.
3. இன்ன காய்தான் என்று முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். சுரைக்காய், பூசணி, பரங்கி, முள்ளங்கி, கொத்தவரங்காய், வாழைத்தண்டு: இவற்றில் அன்று எது மலிவோ அதை எடுங்கள். முள்ளங்கியைக் கீரையோடு கேட்டு வாங்குங்கள். ஒரு விலையில் ஒரு பொரியலும் கிடைக்கும்.
4. தக்காளி விலை ஏறும் நாட்களில் புளியில் சமையுங்கள்.
5. பழத்துக்கு ஆப்பிள் வேண்டாம். அதன் விலையில் ஒரு பகுதிக்குக் கிடைக்கும் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம்.
6. கோழிக்கடையில் ஈரல் மட்டும் தனியாகக் கேட்டால் கறியைவிட மலிவாகத் தருவார்கள். மாதம் இரண்டு முறை போதும், இரும்புச்சத்துக்கு நல்லது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடக்கூடாது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

ஒரே வேக்காட்டில் ரசமும் சுண்டலும்: கொள்ளு

கொங்கு நாட்டு வீடுகளில் இது தெரிந்த கைப்பக்குவம். மற்ற ஊர்க்காரர்களும் பழகிக்கொண்டால் வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பாட்டுக் கவலை தீரும். நான்கு பேருக்கு 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் கொள்ளு போதும்.

1. முதல்நாள் மாலை கொள்ளை முறத்திலோ தட்டிலோ பரப்பிப் பொறுக்குங்கள். கொள்ளில் கல் நிறைய இருக்கும், நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். பொறுக்கியது போதாது. தண்ணீரில் போட்டு இரண்டு தடவை அரித்தெடுங்கள். அடியில் தங்குவதில்தான் கல் இருக்கும், கடைசிப் பிடியை அவசரப்பட்டுக் கவிழ்க்காதீர்கள்.
2. மூன்று டம்ளர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறட்டும். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வயிற்று உப்புசம் குறையும்.
3. நேரம் இருந்தால் ஈரத்துணியில் கட்டி ஒரு நாள் தொங்கவிடுங்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் எடுத்துவிடலாம். முளைகட்டினால் வேகும் நேரமும் எரிவாயுவும் குறையும்.
4. நான்கு டம்ளர் புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஐந்தாறு விசில் விடுங்கள். பழைய கொள்ளானால் இன்னும் இரண்டு. குக்கரில் பாதிக்கு மேல் போகக்கூடாது. பயறு நுரைத்துப் பொங்கி வெயிட் துளையை அடைத்துக்கொண்டால் ஆபத்து. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.
5. ஆவி தானாக அடங்கியபின் திறந்து, வெந்த நீரைத் தனியே வடியுங்கள். பழுப்பாக, கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். அதுதான் ரசத்துக்கு.
6. ஒரு பிடி கொள்ளை மிளகு, சீரகம், பூண்டுடன் தட்டி அந்த நீரில் கரையுங்கள். புளித்தண்ணீர் சேர்த்து, நுரை கட்டி வரும்போது இறக்கித் தாளியுங்கள்.
7. மிச்சக் கொள்ளைச் சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்துச் சுண்டலாக்குங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் மாலையில் பிள்ளைகள் கொறிக்கவும் ஆகும்.

தட்டப்பயறு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பாசிப்பயறுக்கு இரண்டு மூன்று விசில் போதும்.

கீரை

தினமும் ஒரு கட்டு கீரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைமரம் தெருவில் இருந்தால் கேட்டுப் பறித்துக்கொள்ளலாம். ஆய்வதற்குச் சோம்பித்தான் பல வீடுகளில் முருங்கைக்கீரையை விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு வழி: இரவில் கொத்துகளை ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும்.

கீரையை அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு அலசி, கையால் அள்ளி மேலே எடுங்கள். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே ஒட்டும். கழுவிய பிறகு நறுக்குங்கள், குறைந்த தண்ணீரில் வேகவையுங்கள். அந்தச் சாப்பாட்டில் எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய்த் துண்டோ சேர்த்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாக்கடை ஓரத்திலும் ஆலைக் கழிவுநீர் ஓடும் இடத்திலும் வளர்ந்த கீரையை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பரிமாறும் வரிசையை மாற்றுங்கள்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. சமைத்தவளே கடைசியில் உட்கார்ந்து, அடிச்சட்டியில் இருக்கும் குழம்பை ஊற்றிக்கொள்ளும் வீட்டில் எவ்வளவு சத்தாகச் சமைத்தாலும் அது அவளுக்குப் போய்ச் சேராது. இந்தப் புத்தகத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

1. சமைத்து முடித்ததும் எல்லோருக்கும் முன்பாக, பயறு, கீரை, முட்டையை நான்கு கிண்ணத்தில் பங்கு பிரித்து வையுங்கள்.
2. சமைத்தவரின் கிண்ணமும் அதில் ஒன்று. அதை யாரும் எடுக்கக்கூடாது என்று வீட்டில் பேசி வையுங்கள்.
3. தட்டில் சோற்றுக்கு முன்னால் கூட்டும் பொரியலும் வைத்துப் பழகுங்கள். இரண்டாவது தடவை சோறு கேட்பது தானாகக் குறையும்.
4. வீட்டு ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் வாரத்தில் ஒரு நாளாவது பரிமாறட்டும். யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

*பருப்புத் தண்ணீர்.* ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தெளிவை மட்டும் இறுத்துக் கொடுப்பது ஊருக்கு ஊர் நடக்கிறது. சத்து அடியில் நிற்கும் பருப்பில்தான் இருக்கிறது. பருப்பை மசித்து, சோற்றோடு குழைத்து, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டுக் கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே.

*சாம்பாரை நீட்டுவது.* விருந்தாளி வந்தால் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதில் பரங்கியோ சுரையோ கூடுதலாக நறுக்கிப் போடுங்கள். நான்கு பேருக்கு முக்கால் டம்ளர் பருப்புக்குக் குறையவேண்டாம்.

*ஆப்பச்சோடா.* பயறு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா போட்டால் பி வைட்டமின்கள் அழியும். ஊறவைத்தாலே போதும்.

*கஞ்சியைக் கொட்டுவது.* சோற்றை வடித்தால் கஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது ரசத்தில் சேருங்கள். தண்ணீர் அளந்து வைத்துப் பொங்கினால் இன்னும் நல்லது.

*சாப்பிட்ட கையோடு டீ.* டீயும் காபியும் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

*மொத்தமாக வாங்கி வண்டு பிடிக்கவிடுவது.* பயறை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறியபின் ஈரமில்லாத டப்பாவில் காய்ந்த மிளகாய் போட்டு மூடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்கவேண்டாம்.

பாதுகாப்பு

சிக்கனம் என்று நினைத்துச் செய்யும் சில காரியங்கள் ஆஸ்பத்திரிச் செலவில் கொண்டுபோய் விடும். இந்தப் பகுதியில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. பூஞ்சை பிடித்த, கறுத்த, சுருங்கிக் கசக்கும் நிலக்கடலையை எறிந்துவிடுங்கள். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் போகாது.
2. வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காயவைக்காதீர்கள். வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டவேண்டியதுதான்.
3. மரவள்ளிக்கிழங்கைத் தோல் உரித்து, சிறு துண்டாக்கி, மூடாத பாத்திரத்தில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். பச்சையாகத் தின்னக்கூடாது. கசந்தால் துப்பிவிடுங்கள்.
4. பழைய சோறு நல்ல உணவு. ஆனால் சோற்றைப் பகல் முழுக்க வெளியே வைத்திருந்து இரவில் தண்ணீர் ஊற்றுவது தவறு. ஆக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் சோறு மூழ்க ஊற்றி மூடுங்கள். மறுநாள் காலையே சாப்பிட்டுவிடவேண்டும். நூல் விட்டாலோ கெட்ட வாடை வந்தாலோ மாட்டுக்கும் வேண்டாம்.
5. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் மதியச் சாம்பாரை இரவு வரை வைக்கவேண்டுமானால், கைபடாமல் தனியே எடுத்து வைத்து, இரவில் சூடுகாட்டுவதோடு நிறுத்தாமல் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். தேங்காய் அரைத்த குழம்பை வைத்திருக்கவே வேண்டாம்.
6. முளைகட்டிய பயறைக் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.
7. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருக்கவேண்டும். மலிவு என்று குழைந்த மீனை வாங்காதீர்கள். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமையுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம்.
8. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறையும் கீரையையும் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். சர்க்கரை நோயாளிகள் கேழ்வரகைக் கூழாகக் கரைத்துக் குடிப்பதைவிட அடையாகவோ களியாகவோ, பயறும் காயும் சேர்த்து அளவோடு சாப்பிடுவது நல்லது.

தனியாக அறை எடுத்துத் தங்குபவருக்கு

சென்னையில் வேலைக்கு வந்து தங்கியிருந்தால் அம்மா உணவகம் கைகொடுக்கும். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே வயிறு நிறையும். காயும் புரதமும்தான் குறைவு. அதை அறையில் ஈடுகட்டுங்கள்: இரவில் ஒரு பிடி பயறை ஊறப்போடுங்கள், காலையில் அதையும் இரண்டு முட்டையையும் வேகவைத்து டப்பாவில் எடுத்துப் போங்கள். கூடவே ஒரு வெள்ளரியோ கேரட்டோ கொய்யாவோ. மின்சாரக் கெட்டில் ஒன்றில் பயறையும் முட்டையையும் மாற்றி மாற்றி வேகவைப்பவர்கள் உண்டு. தண்ணீர் சுடவைக்க மட்டுமே செய்த கெட்டில்கள் நீண்ட நேரம் கொதிக்கத் தாங்காது. சமைக்கத் தகுந்த சிறிய மின்பாத்திரமே பாதுகாப்பு.

மாதக் கடைசி வாரம்

காசு தீர்ந்துபோகும் வாரம் இது. முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் வெறும் சோறும் ஊறுகாயுமாக முடியாது.

1. மாதம் தொடங்கும்போதே ஒரு டப்பாவில் அரைக் கிலோ கொள்ளு, அரைக் கிலோ நிலக்கடலை, ஒரு கிலோ கேழ்வரகு மாவு எடுத்து மூடி, 23-ஆம் தேதிக்கு முன் திறப்பதில்லை என்று வையுங்கள். மாவு பழசாகாமல் ஒவ்வொரு மாதமும் அதைத் தீர்த்துப் புதிது நிரப்புங்கள்.
2. காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, நிலக்கடலைச் சட்னி.
3. மதியம் சோறு, கொள்ளு ரசம், சுண்டல். அடுத்த நாள் சோறு, பப்பாளிக்காய்க் கூட்டு.
4. இரவில் கஞ்சி, அதோடு பொட்டுக்கடலைத் துவையல்.
5. வாழைத்தோல், பூசணித் தோல், பீர்க்கங்காய்த் தோல் எதையும் எறியாதீர்கள். நன்றாகக் கழுவி, உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரையுங்கள்.
6. முட்டைக்குக் காசு போதாமல் இரண்டுதான் வாங்க முடிந்தால் வெங்காயம், கீரை சேர்த்துப் பொடிமாஸ் செய்து நான்காகப் பிரியுங்கள்.
7. நோட்டை எடுத்து, இந்த வாரம் எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது என்று எழுதுங்கள். அடுத்த மாதப் பட்டியலில் அதைக் கால் கிலோ கூட்டி, எட்டாவது இடத்தில் இருப்பதிலிருந்து அந்தக் காசைக் கழியுங்கள்.